மேல்கோட்டுக்கு மேலே

வண்டியம்மாவின் அருவருப்பு காலையில் கண் விழித்ததும் தலையணை உறையில் தொடங்கிவிடும். அவளுடைய தலையணை இல்லை, பக்கத்துத் தலையணை. முந்தின நாள்தான் வெந்நீரில் ஊறவைத்து, கசக்கி, வெயிலில் போட்டு எடுத்த வெள்ளை உறையின் நட்டநடுவில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் பதிந்திருக்கும். அதைப் பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு நாக்கின் அடியில் எச்சில் கசந்து ஊறும். பல் தேய்த்தாலும் போகாது.

அந்தக் கறுப்பு விரல் படாத பொருள் வீட்டில் எதுவும் மிச்சமில்லை. குளியலறைக் கதவு, விளக்கு சுவிட்சைச் சுற்றியுள்ள சுவர், சர்க்கரை டப்பா மூடி, ஜன்னல் திரை, எல்லாவற்றிலும் என்ஜின் ஆயில். துடைப்பதற்கென்றே பழைய துணிகளைக் கிழித்து ஒரு பையில் திணித்து வாசலில் ஆணியடித்து மாட்டியிருந்தாள். பை மாட்டியது மாட்டியபடியே தூசி படிந்து தொங்கியது. வீட்டுக்காரருக்குக் கைக்கு எது முதலில் அகப்படுகிறதோ அதுதான் துடைக்கிற துணி. ஒருநாள் அவளுடைய முகம் துடைக்கிற துவாலையே அகப்பட்டது. குளித்துவிட்டு வந்து அதில் முகத்தைப் புதைத்த பிறகுதான் அவளுக்கு வாடை தட்டியது. அன்றைக்கு மூன்று தடவை சோப்புப் போட்டாள். அப்படியும் மத்தியானம் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை.

இத்தனைக்கும் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு வளர்ந்தவள் இல்லை. கல்யாணத்துக்கு முன்பே ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் சேர்ந்து, தலை நரைக்கும்வரை அங்கே குப்பை கொட்டியவள். அங்கே வராத அழுக்கு உலகத்தில் கிடையாது. ரத்தம், சீழ், வாந்தி, பிறந்த குழந்தையின் கழிவு, சாகப்போகிறவரின் கழிவு. கூட வேலை பார்த்தவர்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிட்டு அப்படியே மூடிவைத்த நாட்களிலும் அவள் ஒரு வாய் மிச்சம் வைத்ததில்லை. ரத்தம் பச்சைத்தண்ணீரில் போகும், சீழ் சோடாவில் போகும், மற்றதெல்லாம் கொதிநீருக்கு அடங்கும். போகிற அழுக்கு அழுக்கே இல்லை என்பது அவள் கட்சி. என்ஜின் ஆயில் போகாது. தேய்க்கத் தேய்க்க அகலும், வெளுக்கும், மஞ்சளாகும், அப்புறம் அந்தத் துணியோடு சாகும்வரை குடித்தனம் நடத்தும்.

சலவையை வெளியே ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரி அவளை வீட்டுக்கு அனுப்பியபோது, எல்லோரும் இனி பேசாமல் ஓய்வெடு என்றார்கள். அவள் நேராக டிரைவிங் பள்ளிக்குப் போனாள். அங்கே சொல்லிக்கொடுத்தவன் முதல் நாள் அவளுடைய நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, மகளைச் சேர்க்க வந்தீர்களா என்று கேட்டான். இரண்டாவது வாரம் வண்டியை ஒரு குப்பைத்தொட்டி மேல் ஏற்றினாள். லைசென்ஸ் வாங்கியபோது அதே ஆள் சாக்லேட் வாங்கிக் கொடுத்தான். ஆஸ்பத்திரி கொடுத்ததைப் போட்டு ஒரு பழைய காரை வாங்கினாள். பக்கத்துத் தெருக்களிலிருந்து நாலு பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருகிற வேலை தொடங்கியது. பிள்ளைகள் வைத்த பேர்தான் வண்டியம்மா. ஆயுசு முழுக்க அடுத்தவர் அழுக்கைக் குனிந்து பார்த்தவளுக்கு, ஸ்டியரிங்குக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்பது இருக்கிறதே, அந்தச் சுகத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

வீட்டுக்காரரைத் தெருவில் ஸ்டோர்க்காரர் என்பார்கள். பஸ் டிப்போவில் சாமான் அறையில் இருந்து ஓய்வு பெற்றவர். என்ஜினைப் பிரித்தவர் இல்லை. பிரிக்கிறவர்களுக்கு ஜன்னல் வழியாக ஆயிலும் பில்டரும் எடுத்துக் கொடுத்தவர். ஆனால் பேச்சைக் கேட்டால் அந்த டிப்போவின் பஸ்களெல்லாம் அவர் மூச்சில்தான் ஓடின என்று தோன்றும். கல்யாண வீட்டில் நாற்காலி எடுத்துப் போட்டவன் சமையலுக்கு மார்தட்டுகிற கதைதான். கார் வந்த அன்றே அவர் பாகம் பிரித்துவிட்டார். ஓட்டுவது அவள் பாடு, பானட்டுக்குக் கீழே இருப்பதெல்லாம் தன் பாடு. அவளும் சரியென்றாள். அந்தப் பிசுபிசுப்பைத் தொடாமல் தப்பித்தால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

அதற்குத்தான் இப்போது அனுபவித்தாள். தினமும் காலையில் அவள் பிள்ளைகளைக் கூட்டக் கிளம்புவதற்கு முன், ஸ்டோர்க்காரர் வாசலில் பானட்டைத் தூக்கி முட்டுக்கொடுப்பார். ஆயில் அளவு பார்க்கிற குச்சியை உருவுவார், துடைப்பார், திரும்ப விடுவார், திரும்ப உருவுவார். அதை மூக்குக்குக் கிட்டே கொண்டுவந்து வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்புவார். ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்ப்பார். முகர்வார். சில நாள் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுச் செடி ஓரமாகத் துப்புவார். ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் நாக்கு காட்டிக்கொடுத்துவிடுமாம். அந்த வாயோடு உள்ளே வந்து அவர் காப்பி குடித்த தம்ளரை அவள் தனியாகக் கழுவி, தனியாகக் கவிழ்த்து வைப்பாள்.

எல்லாம் முடிந்ததும், கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லி, டப்பாவைச் சாய்த்து இரண்டு மடக்கு ஊற்றுவார். மறுநாளும் இறங்கியிருக்கும். மறுநாளும் ஊற்றுவார். இது என்ன வண்டியா, குடிகாரனா என்று அவள் கேட்டதற்கு, வயசான வண்டி அப்படித்தான் தின்னும் என்று பதில் வந்தது.

தின்றதை வண்டி சும்மா வைத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நாளில் பின்னால் நீலமாகப் புகை தள்ள ஆரம்பித்தது. சிக்னலில் நின்றால் பக்கத்தில் நிற்கிற ஸ்கூட்டர்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவளை முறைத்தார்கள். பிள்ளைகளின் சீருடையில் எரிந்த ஆயில் நாற்றம் ஏறியது. நாலு பேரில் ஒருவன் ஏற்கெனவே வளைவில் திரும்பினாலே வாந்தி எடுப்பவன். வாந்திக்காரன் என்றுதான் மற்ற பிள்ளைகள் கூப்பிடுவார்கள். இப்போது நேர் ரோட்டிலும் எடுத்தான். அவன் எடுத்ததை அவள் முகம் சுளிக்காமல் வழித்துக் கழுவினாள். அந்தப் புகை நாற்றத்தைத்தான் அவளால் கழுவ முடியவில்லை.

அம்மாக்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். பிள்ளைகளிலேயே அதிகம் பேசுகிற சிறுமி ஒருத்தி உண்டு, வாயாடி என்று பேர். அவளுடைய அம்மா மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், நல்ல மாதிரி. அவள்தான் வாசலில் நிறுத்திப் பக்குவமாகச் சொன்னாள். மற்ற மூன்று வீட்டிலும் பள்ளிக்கூடத்து வேனை விசாரித்துவிட்டார்களாம். இந்த வாரத்துக்குள் புகை நிற்காவிட்டால் அடுத்த வாரத்திலிருந்து பிள்ளைகள் வேனில் போவார்களாம். தானும் தனியாக ஒரு பிள்ளைக்காக அவளை வரச்சொல்ல முடியாது என்றாள்.

அந்தச் சவாரி போனால் ஸ்டியரிங் போனது. அப்புறம் கார் வாசலில் நிற்கும், பானட் திறந்து மூடும், அவள் உள்ளே உட்கார்ந்து விரல் பதிவுகளைத் தேய்த்துக்கொண்டே காலம் தள்ள வேண்டும். 

மறுநாள் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு நேராக மெக்கானிக்கிடம் போனாள். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வேறொருவனுக்குப் பானட்டைத் திறந்து காட்டுவது என்னமோ கள்ளத்தனம் செய்கிற மாதிரி இருந்தது. மெக்கானிக்குக்குச் சாவகாசம் என்று பட்டப்பேர். காலை வைத்தால் தரைக்கு வலிக்குமோ என்று நடக்கிறவன். வண்டியைச் சமதரையில் நிறுத்தச் சொன்னான். என்ஜினை அணைக்கச் சொன்னான். அப்புறம் போய் ஒரு டீயைக் குடித்துவிட்டு வந்தான். அவளுக்குப் பொறுமை போயிற்று. ஆயில் எல்லாம் மேலே இருந்து வடிந்து கீழே வந்து சேர வேண்டாமா, ஓட்டி வந்த சூட்டோடு பார்த்தால் குச்சி பொய் சொல்லும் என்றான்.

குச்சியில் இரண்டு கோடுகள் இருந்தன. கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவில் ஆயில் நிற்க வேண்டும். அவளுடைய வண்டியில் மேல்கோட்டைத் தாண்டி, இன்னொரு அவ்வளவு உயரத்துக்கு ஈரமாக இருந்தது. அவன் கீழே படுத்து ஆயில் வடிக்கிற திருகைக் கழற்றினான். வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. தட்டு நிறைந்து இன்னொரு தட்டு வைத்தான். மேலே அழுக்குச் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரை மிதந்தது. வண்டியம்மா துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டாள்.

“அளவுக்கு மிஞ்சினா அமுதமும் நஞ்சுதாம்மா. கம்மியா இருந்தா மட்டும்தான் கெடும்னு நெனச்சுக்கறாங்க. அடியில சுத்துற இரும்பு ஆயிலுக்குள்ள முங்கிப்போய், மத்து மாதிரி கடையுது. நுரைச்சுப்போன ஆயில் எதையும் காப்பாத்தாது. மிச்சம் மேல ஏறி எரியுது, அதான் புகை.”

யார் இப்படி ஊற்றியது என்று அவன் கேட்கவில்லை. வண்டியை எங்கே நிறுத்துவீர்கள் என்றுதான் கேட்டான். வீடு இருப்பது மேட்டுத்தெரு. வாசலில் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கும். அப்படியானால் ஆயில் பின்பக்கம் ஓடியிருக்கும், குச்சி குறைத்துத்தான் காட்டும், அதை நம்பி ஊற்றியிருப்பார்கள் என்றான். பில்டரை மாற்றினான். புது ஆயிலை அளந்து ஊற்றி, மறுபடி சாவகாசமாகக் காத்திருந்து, மேல்கோட்டில் சரியாக நிறுத்திக் காட்டினான். தப்பித்தது வண்டி, இன்னும் ஒரு மாசம் போயிருந்தால் என்ஜினை இறக்கியிருக்க வேண்டும் என்றான்.

சாயங்காலம் பிள்ளைகளை விட்டுவிட்டு வரும்போது கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் ரோடு சுத்தமாகத் தெரிந்தது. சவாரி பிழைத்தது. அவளுக்குப் பாட்டுப் பாடலாம் போல இருந்தது. அதைவிடப் பெரிய சந்தோஷம், ஸ்டோர்க்காரரைச் சந்தி சிரிக்க வைக்க ஒரு விஷயம் கிடைத்தது. இத்தனை வருஷம் ஆயில், ஆயில் என்று உயிரை வாங்கிய மனுஷனுக்கு மேடு பள்ளம் தெரியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள்.

தெருமுனையில் மாவு அரைக்கிற கடைக்கு முன்னால் மட்டும்தான் சமதரை. வண்டியை அங்கே நிறுத்தி அணைத்தாள். வீட்டுக்கு நடந்து போய் அவரைக் கையோடு கூட்டிவந்தாள். அதற்குள் ஆயில் வடிந்து இறங்கியிருக்கும். அவளே பானட்டைத் திறந்து, இரண்டு விரலால் குச்சியை உருவி, கீழே கிடந்த காகிதத்தில் துடைத்து, விட்டு, எடுத்தாள். ஆயில் மேல்கோட்டில் தேன் மாதிரி நின்றது.

“கையால தொடாதீங்க. துணி இல்ல. கண்ணால பாத்துச் சொல்லுங்க,” என்றாள்.

அவர் அதை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். சூரியன் இருந்த பக்கம் திரும்பினார். குச்சியைச் சாய்த்தார், நிமிர்த்தினார். விரல் தன்னால் அதன் பக்கம் போனது. அவள் ஒரு சத்தம் போட்டதும் பின்வாங்கிக்கொண்டது.

“ஆயிலே இல்லையே,” என்றார். “சொட்டுகூட இல்ல. என்ன பண்ணி வச்சிருக்க வண்டிய?”

அவள் குச்சியை வாங்கிப் பார்த்தாள். ஆயில் கோட்டிலேயே இருந்தது. சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் சிரிப்பு வரவில்லை. வேறு ஏதோ தோன்றியது. குச்சியை அதே காகிதத்தில் அழுத்தித் துடைத்தாள். நுனிவரை காய்ந்துபோகத் துடைத்தாள். என்ஜினுக்குள் விடவே இல்லை. இப்போது மறுபடி விட்டு எடுத்தேன், பாருங்கள் என்று நீட்டினாள்.

அவர் அதே மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். 

“ம். இப்ப சரியா இருக்கு. சமதரையில வச்சாத்தான் சரியா காட்டும்னு நான் எத்தன தடவ சொல்லியிருக்கேன்.”

காய்ந்த குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அவளுக்குப் பாடம் எடுத்தார். அவளுக்கு முதுகில் புழு ஊர்வது மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். எத்தனை காலம் கழித்துப் பார்க்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கண்ணின் கறுப்பில் சாம்பல் பூத்த மாதிரி ஒரு மூடாக்கு இருந்தது. மூக்குக்கண்ணாடியைச் சும்மா பழக்கத்துக்கு மாட்டியிருந்தார். விளக்குப் போடச் சொன்னாள். அவர் கை சுவரில் பட்டு, தடவி, மேலே போய், கீழே வந்து, அப்புறம் சுவிட்சைக் கண்டுபிடித்தது. சர்க்கரை எடுக்கச் சொன்னாள். அலமாரியில் இருந்த டப்பாக்களின் மூடியை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். இவ்வளவு நாளும் அவள் திட்டித் திட்டித் துடைத்ததெல்லாம் ஒரு குருடர் தட்டுத்தடுமாறி நடந்த தடம். அவளுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபமும் குமட்டலும்தான். ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு இதை மறைக்க எவ்வளவு சாமர்த்தியம் வேண்டும்!

படுத்த பிறகுதான் அது உறைத்தது. போன மழைக்காலத்தில் அவள் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்து கட்டுப்போட்டிருந்தாள். கட்டுப் பிரிக்கும்வரை பிள்ளைகளை வைத்து ஓட்டியவர், எப்போதோ லைசென்ஸ் வாங்கி வைத்திருந்த இவர்தான். கட்டுப் பிரித்த மறுநாளே முழங்கால் வலிக்கிறது, இனி கிளட்சை மிதிக்க முடியாது என்று சாவியைக் கொடுத்துவிட்டார். அப்போது கண் நன்றாகத்தான் இருந்திருக்கும், இது அதற்கப்புறம் வந்ததாக இருக்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. தூக்கம்தான் வரவில்லை.

காலையில் நாலு பிள்ளைகளும் ஏறிய பிறகு, பேச்சுவாக்கில் கேட்கிற மாதிரி கேட்டாள். தாத்தா வண்டி ஓட்டினாரே, நினைவிருக்கிறதா?

நாலு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். தாத்தா ஓட்டினால் ஜாலியாக இருக்குமாம். வண்டியம்மா விளையாடவே மாட்டாளாம். என்ன விளையாட்டு என்று கேட்டாள்.

“நான் லைட்டு,” என்றாள் வாயாடி, முன்சீட்டில் முட்டிபோட்டு ஏறிக்கொண்டு. “சிவப்பு வந்தா சிவப்புன்னு கத்தணும், பச்சை வந்தா பச்சைன்னு கத்தணும். இவங்க ரெண்டு பேரும் ஆளு. குறுக்க யாராவது வந்தா சொல்லணும். முதல்ல யாரு சொல்றாங்களோ அவங்களுக்கு மிட்டாய்.”

“நான் பள்ளம்,” என்றான் வாந்திக்காரன், பின்னாலிருந்து.

வாயாடிக்கு அதற்குமேல் நிறுத்த முடியவில்லை. ஒருநாள் அவள் பராக்குப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிவப்பைப் பச்சை என்று சொல்லிவிட்டாளாம். தாத்தா போய்விட்டாராம். ஒரு பெரிய லாரி பயங்கரமாக ஹாரன் அடித்து இவ்வளவு கிட்டே வந்து நின்றதாம். இவ்வளவு கிட்டே என்று கையை விரித்துக் காட்டினாள். கதவுக்கும் தன் தோளுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் காட்டினாள். தாத்தா உட்பட எல்லோரும் சிரித்தார்களாம்.

வண்டியம்மா மிச்சத் தூரத்தை எப்படி ஓட்டினாள் என்பது அவளுக்கே தெரியாது. பிள்ளைகள் இறங்கிப் பள்ளிக்கூட வாசலுக்குள் போய் மறைந்ததும், சுற்றுச்சுவர் ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தாள். ஆஸ்பத்திரியில் எந்த மூட்டையைப் பிரித்தபோதும் அவள் எடுக்காத வாந்தி.

வீட்டில் ஸ்டோர்க்காரர் புது டப்பா ஒன்றைத் திறந்துகொண்டிருந்தார். அவள் அதைக் கையிலிருந்து வாங்கித் தரையில் வைத்தாள். பிள்ளைகள் சொன்னதை அப்படியே சொன்னாள். அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூடக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். உருவங்கள் தெரியும் என்றார். முன்னால் போகிற வண்டி தெரியும், ரோட்டின் ஓரம் தெரியும், வெளிச்சமாக இருக்கிற நாளில் இன்னும் நன்றாகவே தெரியும். லைட்டின் நிறம்தான் கொஞ்சம் கலங்கலாக இருந்ததாம். சின்னப் பிள்ளைகளுக்குக் கண் கூர்மை, அதனால் கேட்டுக்கொண்டாராம்.

“ஒரு கீறல் விழுந்துச்சா சொல்லு. வண்டிக்கும் இல்ல, பசங்களுக்கும் இல்ல.”

அவள் டப்பாவின் மூடியைத் தேடி எடுத்து இறுக்கி மூடினாள். 

“நீ கையக் கட்டித் தொங்கவிட்டுட்டு உக்காந்திருந்த. நான் ஓட்டலேன்னா அன்னிக்கே வேனுக்குப் போயிருப்பாங்க. அப்புறம் எங்க உனக்குச் சவாரி? யாருக்காக ஓட்டினேன்? நீதான வாசல்ல நின்னு கையாட்டி அனுப்பின?”

அது உண்மை. தினமும் வாசலில் நின்று நல்ல கையை ஆட்டினாள். சவாரி கை நழுவாததில் அவளுக்கு அன்றைக்கு எவ்வளவு நிம்மதி! ஸ்டோர்க்காரர் வண்டியை வெளியே எடுக்கும்போது சுவரில் உரசப் பார்த்ததையும், அவளே ‘இடது, இடது’ என்று கத்தியதையும் இப்போது நினைத்துப் பார்த்தாள். அப்போது அதைப் பழக்கமின்மை என்று வைத்துக்கொண்டாள். அப்படி வைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. அவர் விரலைப் பார்த்து மூக்கைச் சுளித்ததில் பாதியைச் செலவழித்து அவர் கண்ணைப் பார்த்திருந்தால் போதும். அவளுக்குத் தன் மேலேயே அழுக்கு அப்பியிருப்பது போல இருந்தது. எதில் ஊறவைத்தால் இது போகும்?

கண் ஆஸ்பத்திரிக்கு நாளைக்கே போகிறோம் என்றாள். அவர் சரி என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, இந்தக் கண் விஷயம் நாலு பேருக்குத் தெரிய வேண்டாம், மானம் போய்விடும், புகைதான் நின்றுவிட்டதே, அதோடு விடு என்று சொல்லிக்கொண்டே அவள் தோளைத் தட்டக் கை நீட்டினார். அவள் விலகிக்கொண்டாள். கை காற்றில் கொஞ்சம் தேடிவிட்டு இறங்கியது.

சாயங்காலம் வரைக்கும் அவளுக்குள் வழக்கு நடந்தது. ஒன்றும் ஆகவில்லை. இனி அவர் ஓட்டப்போவதும் இல்லை. புகை நின்றுவிட்டது, அம்மாக்கள் சமாதானமாகிவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் சவாரி அவளுடையது. யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் கண்ணை மூடினால் வாயாடி விரித்துக் காட்டிய அந்த இடைவெளி வந்தது. வாயை மூடிக்கொண்டு நாளைக்கு அந்தப் பிள்ளையை அதே சீட்டில் உட்காரவைத்து ஓட்டினால், அப்புறம் அவருக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றியது. அந்த எண்ணத்தைத்தான் அவளால் சகிக்க முடியவில்லை.

முதல் வீடு வாயாடியின் வீடு. சொல்வதென்றால் நல்ல மாதிரியானவளிடமிருந்தே தொடங்கலாம் என்று வைத்துக்கொண்டாள். மற்ற மூன்று பிள்ளைகளையும் வண்டியிலேயே உட்காரச் சொல்லிவிட்டு, வாயாடியின் கையைப் பிடித்துக் கதவுவரை போனாள். அம்மா அன்று சீக்கிரம் வந்திருந்தாள். ரோட்டை எட்டிப் பார்த்து, புகையைக் காணோமே, பரவாயில்லையே என்று சந்தோஷப்பட்டாள். மற்றவர்களிடம் தானே பேசிக்கொள்வதாகவும், வேனை மறந்துவிடச் சொல்வதாகவும் சொன்னாள். உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னாள்.

வண்டியம்மா வாசலிலேயே நின்றாள். தன் கை முறிந்திருந்தபோது வீட்டுக்காரர் ஓட்டினாரே என்று தொடங்கினாள். அதற்குள் அம்மா சிரித்துவிட்டாள்.

“அந்த லைட்டு விளையாட்டா? ஐயோ, வீட்டுலயும் அதேதான். அவங்க அப்பாவ கண்ண மூடிக்கிட்டு நடக்கச் சொல்லிட்டு, இவ வழி சொல்லுவா. தாத்தாவுக்குப் பசங்கன்னா அவ்ளோ பிரியம்னு நாங்க பேசிக்குவோம்.”

“அது விளையாட்டு இல்லம்மா,” என்றாள் வண்டியம்மா. “அவருக்குக் கண்ணு தெரியல. பசங்க சொன்னதக் கேட்டுத்தான் ஓட்டியிருக்காரு. நேத்துதான் எனக்குத் தெரியும்.”

சிரிப்பு அந்த முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, இறங்க வழி தெரியாத மாதிரி. வாயாடி பையைக் கழற்றிக்கொண்டே, லாரிக் கதையைச் சொல்லட்டுமா என்று கேட்டாள். அம்மாவின் கை அவள் தலைக்குப் போனது, அங்கிருந்து தோளுக்கு வந்தது, அப்புறம் பிள்ளையைத் தன் முழங்காலோடு சேர்த்து இழுத்துப் பிடித்துக்கொண்டது. திட்டுவாள் என்று வண்டியம்மா காத்திருந்தாள். திட்டவில்லை.

“அப்ப நீங்க வீட்டுலதானே இருந்தீங்க?” என்று கேட்டாள்.

“இருந்தேன்,” என்றாள் வண்டியம்மா.